கவர் பாட்டைக் கேட்டு அசலைத் தேடிப் போன கதைகள்: ராக், ஸ்கா, சோல்

பெரம்பூர் ரயில்வே காலனி:
ஒரு பாட்டை முதலில் கவராக, அதாவது ஒருவர் பாடியதை இன்னொருவர் மறுபடி பாடியதாகக் கேட்டு, அப்புறம் அசலைத் தேடிப் போன அனுபவம் இருந்தால் எழுதுங்கள். எங்கே கேட்டீர்கள், யார் போட்டுக் காட்டினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், எனக்கு அந்தக் கதையும் வேண்டும்.

நானே தொடங்குகிறேன். எங்கள் குவார்ட்டர்ஸில் எதிர் வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியிடம் மில்லி ஸ்மாலின் 'மை பாய் லாலிபாப்' இசைத்தட்டு இருந்தது. கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க அதுதான் ஓடும், அங்கிள் டூட்டி முடிந்து வந்ததும் ஆன்ட்டியோடு ரெண்டு ஸ்டெப் போட்டுவிட்டுத்தான் சட்டையே மாற்றுவார். 1964இல் வந்த அந்த ரெக்கார்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம் வரை போனது. ஜமைக்காவின் துள்ளல் இசையான ஸ்காவை வெளியூர்க்காரர்கள் லட்சக்கணக்கில் வாங்கிக் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். ஆனால் பாட்டு ஜமைக்காவில் பிறந்தது இல்லை, 1956இல் அமெரிக்காவில் பார்பி கே என்ற இளம்பெண் பாடியது. இப்போது இணையத்தில் தேடினால் கிடைக்கிறது. அதிலேயே லேசான துள்ளல் உண்டு. ஆனாலும் மில்லியின் குரல் கீச்சென்று மேலே ஏறுகிற இடத்துக்கு ஈடே இல்லை, என் ஓட்டு கவருக்குத்தான்.

கொடுங்கையூர்:
எனக்கு சோல் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்'. பாரிஸ் கார்னரில் வேலை முடிந்து பஸ் மூலக்கொத்தளத்தில் நகராமல் நிற்கும்போது நானும் தங்கச்சியும் ஒரே ஹெட்போனில் ஆளுக்கொரு காதில் கேட்போம். 1965இல் ஓடிஸ் ரெடிங் எழுதிப் பாடியது அது. அவர் பாட்டில், சம்பாதித்துக் களைத்து வீட்டுக்கு வருகிற ஆம்பளை மரியாதை கேட்கிறான். 1967இல் அரீத்தா அதைப் பொம்பளை கேட்கிற மாதிரி திருப்பினார். ஆர்-இ-எஸ்-பி-இ-சி-டி என்று எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கேட்பது ஓடிஸ் பாட்டில் கிடையாது, அது அரீத்தா சேர்த்தது. பின்னால் குரல் கொடுப்பவர்களில் அவருடைய சொந்தத் தங்கை கேரலினும் அக்கா எர்மாவும் இருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து தங்கச்சி பின்பாட்டை மட்டும்தான் பாடுகிறாள், பஸ்ஸில் திரும்பிப் பார்த்தாலும் நிறுத்துவதில்லை. கிங் கர்ட்டிஸ் சாக்ஸபோன் ஊதுகிற இடத்தில் மட்டும் ரெண்டு பேரும் வாயை மூடிக்கொள்வோம்.

பழைய வண்ணாரப்பேட்டை:
ராக் கிடார்க்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'ஆல் அலாங் த வாட்ச்டவர்', வேறென்ன. பாப் டிலன் 1967இல் கிடாரும் மவுத் ஆர்கனுமாக, கூட பாஸும் டிரம்ஸும் மட்டும் வைத்து அடக்கமாகப் பாடியதை மறு வருஷமே ஹெண்ட்ரிக்ஸ் புயலாக்கிவிட்டார். பர்மா பஜாரில் வாங்கிய கேசட்டில் கேட்டது. பின்னாளில் டிலனே மேடையில் ஹெண்ட்ரிக்ஸ் பாணியில்தான் வாசித்தார்.

ராயபுரம்:
என் பெரியப்பா பேண்டு செட்டில் டிராம்போன் ஊதியவர். மாதா தேருக்கும் ஊதுவார், கல்யாண ஊர்வலத்துக்கும் ஊதுவார், சாவுக்கும் ஊதுவார். இப்போது மூச்சு வாங்குகிறது என்று வாத்தியத்தைத் துணி சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார். அவருக்கு 'எ மெசேஜ் டு யூ, ரூடி' போட்டுக் காட்டினேன், முதலில் த ஸ்பெஷல்ஸ் 1979இல் பாடியது, அது முடிந்ததும் டாண்டி லிவிங்ஸ்டன் 1967இல் பாடிய அசல். ஸ்காவில் கிடார் தாளத்துமேல் விழாது. ஒன்று, இரண்டு என்று எண்ணினால் ரெண்டுக்கும் நடுவில் காலியாக இருக்கிற இடத்தில் வெட்டும். அசல், ஸ்காவுக்கு அடுத்து ஜமைக்காவில் வந்த கொஞ்சம் நிதானமான ராக்ஸ்டெடி வகை, அதிலும் வெட்டு அப்படித்தான். பெரியப்பா நாற்காலிக் கையில் தட்டிப் பார்த்துவிட்டு, "தாளம் தள்ளி விழுதுடா, ஆனா ஓடல, நடக்குது" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு டிராம்போனை மட்டும் கேட்டார். "ரெண்டுத்துலயும் ஊதுறது ஒரே ஆளா?"

ஒரே ஆள்தான்! ரிக்கோ ரோட்ரிகஸ். பன்னிரண்டு வருஷ இடைவெளி, அசலிலும் அவர்தான், கவரிலும் அவர்தான். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் கறுப்பர், வெள்ளையர் இருவருமாகப் பேண்டு கட்டிய இந்த ஸ்பெஷல்ஸ் இளைஞர்கள், அந்தப் பழைய ஆளையே தேடிப் பிடித்துக் கூட வைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் செய்தியே பாட்டைவிடப் பெரிதாகப் பட்டது. பெரியப்பா மறுபடி போடச் சொன்னார், மறுபடி போடச் சொன்னார், பெரியம்மா வந்து சாப்பாடு ஆறுது என்று சத்தம் போடும் வரைக்கும் விடவில்லை.

பெரம்பூர் ரயில்வே காலனி:
ராயபுரம் தம்பி, இதுக்குத்தான் கேட்டேன். ரிக்கோ படித்தது கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூலில். ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே பேண்டு வாத்தியம் கற்றுக்கொடுப்பார்கள், ஸ்கா ஊதிய பெரிய பெரிய கைகள் பலர் அங்கிருந்து வந்தவர்கள்தான். அவருக்கு டிராம்போன் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவர் டான் டிரம்மண்ட், பிற்பாடு ஸ்காடலைட்ஸ் என்ற ஜமைக்கா ஸ்கா பேண்டில் ஊதியவர். பெரியப்பாவுக்கு அடுத்து டிரம்மண்டின் 'ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்ட் டைம்' போடுங்கள், ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம், நல்ல ஸ்பீக்கரில். கூடவே ஸ்காடலைட்ஸ் ஸ்காவாக்கின 'கன்ஸ் ஆஃப் நவரோன்' சினிமா இசையையும். பரண்மேல் இருப்பது கீழே இறங்கினால் சொல்லுங்கள், ஆன்ட்டியைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன்.