அணிலுக்கு எந்த இடமும் வீடு, சிட்டுக்குருவிக்கு அப்படி இல்லை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு மளிகைக் கடையில், ஷட்டர் பெட்டியின் ஓரத்து இடுக்கில் சிட்டுக்குருவிகள் கூடு வைத்திருக்கின்றன. கடைக்கார அண்ணாச்சி அந்த ஓரத்தில் கிரீஸ்கூடப் போட மாட்டார். அதே சுவரில், கேபிள் வயர் வழியாக எங்கள் மாடிக்கு வந்து போவது அணில்.

இரண்டையும் பார்த்துக்கொண்டே இருப்பதால் சொல்கிறேன். அணிலைப் பற்றிக் கவலையே வேண்டாம். மாடியில் காயப்போட்ட தலையணையின் தையலைக் கடித்துப் பிரித்து, பஞ்சை இரண்டு முன்னங்கால்களாலும் உருண்டையாகச் சுருட்டி, வாய் நிறையத் திணித்துக்கொண்டு ஓடியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பஞ்சு, தேங்காய் நார், கோணிப் பிசிறு எது கிடைத்தாலும் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளும். பழம், கொட்டை, பூச்சி, சமயத்தில் பறவை முட்டை என்று எல்லாம் தின்னும்.

குருவிக்குச் சுவரில் பொந்தோ இடுக்கோ வேண்டும். ஓட்டு வீடுகள் இருந்தவரை அதற்குப் பஞ்சமில்லை. இப்போது தண்டையார்பேட்டை வரைக்கும் வழவழவென்று பூசிய அடுக்குமாடிகள்தான். 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஓரளவு நிலையாக இருப்பதாகவும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருப்பதாகவும் சொன்னது. பலர் செல்போன் கோபுரத்தைக் காரணம் காட்டுகிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. என்னைக் கேட்டால் பொந்தும் பூச்சியும்தான் பிரச்சினை.

பூச்சி ஏன் என்றால், வளர்ந்த குருவி அரிசி, கம்பு தின்னும். ஆனால் பொரித்த குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஆகாரம். இரண்டு வாரம் போல அது கூட்டிலேயே இருக்கும். அத்தனை நாளும் தாயும் தகப்பனும் மாறி மாறிக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். எங்கள் மாடித் தொட்டியில் இருக்கும் கத்திரிச் செடியில் ஆண் குருவி வந்து இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும். பச்சைப் புழு அகப்பட்டால் அதைத் தரையில் நாலு தட்டு தட்டிவிட்டு நேரே ஷட்டருக்குப் பறந்துவிடும். அதனால் அரிசி வைப்பவர்கள் மருந்து அடிக்காத செடி இரண்டும் வையுங்கள்.

அப்புறம், கூட்டுப் பெட்டி மாட்டுகிறவர்கள் ஓட்டையை ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள். பெரிதாக இருந்தால் மைனா நுழையும், அணிலும் நுழையும். அணில் விளிம்பைக் கொறித்து அகலமாக்கவும் பார்க்கும். ஓட்டையைச் சுற்றி ஒரு தகரத் துண்டு அடித்துவிட்டால் போதும்.