லாரியில் வந்து இறங்கிய எருமைக்கு முதல் பதினைந்து நாள்: உங்கள் அனுபவம் என்ன?

கொட்டகைக்காரன், பவானி

மாசிக் கடைசியில ஹரியானா போய், ஜிந்த் பக்கத்துக் கிராமங்கள்ல முர்ராங்கிற பால் ஜாதியில நாலு எருமை வாங்கினேன். மூணு ரெண்டாம் ஈத்து, அதாவது ரெண்டாவது கன்னு போட்டது; ஒண்ணு தலைச்சன், முதல் கன்னு. வடக்கே இருந்து எருமை இறக்கப் போறவங்க இதைப் படிச்சிட்டு அட்வான்ஸ் கொடுங்க.

அங்கிருந்து நம்ம தோட்டம் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத்னு அஞ்சு நாள் பயணம். ஏத்தும்போதே தப்பு நடந்துச்சு. விலங்குகளைக் கொண்டுபோறதுக்குன்னு 1978-லயே விதி இருக்கு: ஒரு லாரிக்கு ஆறு மாட்டுக்கு மேல கூடாது, வேற சரக்கு கூடாது, கூட ஒரு ஆள் வரணும். புரோக்கர் இன்னொருத்தரோட அஞ்சையும் சேர்த்து ஒன்பதா ஏத்திட்டார். நான் முன்னாடியே ரயிலேறிட்டேன். அங்கேயே நின்னு தடுத்திருக்கணும்.

இறங்கினப்ப நாலும் அமைதியா நின்னதுல எனக்கு நிம்மதி. கத்தல, முரண்டு பண்ணல. எருமை மேல மழை பெஞ்ச மாதிரினு சொல்லிச் சொல்லியே நமக்கு அப்படி ஒரு நினைப்பு வந்துடுச்சு. எருமை சத்தமில்லாமத்தான் தவிக்கும். பக்கத்துல உட்கார்ந்து விலா ஏறி இறங்குறதை வாட்ச் பார்த்து எண்ணினேன், நிமிஷத்துக்கு 64. ஓய்வா நிக்கிற எருமைக்கு இருபது, இருபத்தஞ்சு தாண்டாது. மூக்கு மேல முத்து முத்தா நிக்குமே ஈரம், அது சுத்தமா காய்ஞ்சு ஏரி வத்தின மண் மாதிரி இருந்துச்சு. ஒண்ணுகூட அசை போடல.

ஹரியானாவுல 45 டிகிரி வெயில் பார்த்த மாடுதானே, நம்ம வெயில் என்ன செய்யும்னு புரோக்கர் சொன்னதை நானும் நம்பினேன். ஆனா அது கிளம்பினது குளிர்காலம் முடியுற நேரம், உடம்புல குளிருக்கு வளர்ந்த முடி அப்படியே இருந்துச்சு. இங்க வந்து இறங்கினது மத்தியான வெயில்ல. கறுப்புத் தோல் வெயிலை இழுக்கும். பசுவைவிட எருமைக்கு வேர்வைச் சுரப்பி ரொம்பக் குறைவு, வேர்த்து ஆத்திக்க முடியாது. அதனாலதான் குட்டையைத் தேடுது. கொழுப்பெடுத்துப் போய்ப் படுக்கிறதா நினைச்சு அடிச்சு எழுப்பறவங்களைப் பார்த்தா எனக்கு மனசு பொறுக்காது.

வேப்பமர நிழல்ல கட்டி, வெல்லமும் உப்பும் கலந்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா காட்டினேன். உடம்பு பூரா ஹோஸ்ல நனைச்சேன். ராத்திரி எட்டு மணிக்குத்தான் ஒண்ணு அசை போட ஆரம்பிச்சுது. அந்தச் சத்தம் கேட்டப்புறம்தான் நான் சாப்பிடப் போனேன்.

ஆறாம் நாள் காலையில ஒரு எருமைக்கு 106 டிகிரி காய்ச்சல். தொண்டை வீங்கி, மூச்சு குறட்டை மாதிரி வந்துச்சு. டாக்டர் வந்ததும் தொண்டை அடைப்பான்னுட்டார். ஊசி போட்டும் சாயங்காலம் நாலு மணிக்குப் போயிடுச்சு. அந்தக் கிருமி வெளிப்பார்வைக்கு நல்லா இருக்கிற மாட்டோட தொண்டையிலேயே இருக்குமாம், பயணத்துல உடம்பு தளர்ந்ததும் தலை தூக்குமாம். தடுப்பூசி போட்டாச்சுனு வாயால சொன்னதை நம்பினேனே தவிர சீட்டு கேட்கல. ரெண்டாம் ஈத்து மாடு, என் கையிலதான் தலை வெச்சிருந்துச்சு.

டெல்டா விவசாயி, நாகை மாவட்டம்

அண்ணே, படிச்சதும் ரொம்பக் கஷ்டமா போச்சு. எங்க கடலோரப் பக்கம் வெயிலைவிடப் புழுக்கம்தான் எருமையைக் கொல்லுது. நனைச்சாலும் தண்ணி ஆவியாகாது, சூடு இறங்காது. நான் ரெண்டு ஃபேன் போட்டு, நனைச்ச அஞ்சு நிமிஷத்துக்குக் காத்து படற மாதிரி வெச்சேன், அப்புறம்தான் இரைப்பு குறைஞ்சுது. ஃபேன் இல்லாதவங்க கிழக்கு மேற்கா கொட்டகை போட்டு, பக்கச்சுவரை எடுத்துடுங்க.

தீனியிலயும் ஒண்ணு சொல்லணும். அதுங்க பொறந்ததுல இருந்து தின்னது கோதுமை வைக்கோல். நம்ம நெல்லு வைக்கோலை முதல் நாளே போட்டா மோந்து பார்த்துட்டு திரும்பிக்கும். பசிக்குதேன்னு தவிடும் புண்ணாக்கும் அள்ளி வெச்சிடாதீங்க, அஞ்சு நாள் காலியா இருந்த வயிறு புளிச்சுப் போயிடும். பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க.

பால்காரம்மா, நாமக்கல்

நான் வாங்கினது வடக்கத்தி மாடு இல்ல, முப்பது கிலோமீட்டர்ல பக்கத்து தாலுகா. டெம்போவுல ஒரு மணி நேரம். அதுக்கே மூணு நாள் சுரப்பு விடல. காம்பை இழுத்து இழுத்து எங்க வீட்டுக்காரருக்குக் கை வலிச்சதுதான் மிச்சம். எருமை மடியில கறக்கத் தயாரா கீழ நிக்கிற பால் இருபதுல ஒரு பங்குதான், மீதி அத்தனையும் மாடு மனசு வெச்சு இறக்கணும். பயந்தா இறக்காது. பழைய வீட்டுக்கார அக்காவை வரச் சொன்னேன். அவங்க வந்து முதுகைத் தட்டி, "வா தாயி"ன்னதும் மடி பொங்கிடுச்சு. ரெண்டு நாள் அவங்க கறக்க, நான் பக்கத்துல உட்கார்ந்து தீனி காட்டினேன். மூணாம் நாள் எனக்கு விட்டுச்சு. அதே ஆள், அதே நேரம், அதே பாத்திரம், இதை மாத்தாதீங்க. அவசரத்துக்கு ஊசி போட்டுக் கறக்கச் சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க.

கொட்டகைக்காரன், பவானி

அம்மா சொன்னது அப்படியே எனக்கும் நடந்துச்சு. லாரியில கூட வந்த ஹரியானாப் பையன் கறக்கும்போது நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுப்பான். அவன் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அதைக் கத்துக்கிட்டேன். தலைச்சன் மட்டும் பன்னெண்டு நாள் ஆச்சு.

தனிச்செய்தியில ரெண்டு பேர் எந்த மாசம் எடுக்கலாம்னு கேட்டிருக்கீங்க. அங்க ஆடியில இருந்து கார்த்திகை வரைக்கும் நிறைய எருமை கன்னு போடும். நான் மறுபடி எடுத்தா புரட்டாசிக் கடைசியிலதான். தடுப்பூசி போட்டு மூணு வாரம் அங்கேயே நிக்கட்டும். நிறைசினை வேண்டவே வேண்டாம். ஆறுக்கு மேல ஒண்ணு ஏறினாலும் வண்டியை எடுக்க விடமாட்டேன், இந்தத் தடவை லாரியிலேயே கூட வரேன்.