வன்னி வெக்கைக்கு வீகன் மேக்கப்: மணப்பெண்ணுக்குப் போட முதல் என்ன பார்க்க வேணும்?

மாங்குளம் அலங்காரம் கேட்டது:

ஆனியில ஒரு முகூர்த்தம், மணப்பெண் அலங்காரம் எங்கட பொறுப்பு. சுத்த மரக்கறிக் குடும்பம். முகத்தில பூசுற சாமானிலும் மிருகத்தில இருந்து வந்த எதுவும் இருக்கக்கூடாது எண்டு பெண் உறுதியாச் சொல்லிப்போட்டா. கனடாவில இருந்து 'கிளீன்', 'வீகன்' எண்டு அச்சடிச்ச ஒரே கொம்பனிச் செட் வருது. தண்ணி பேஸ் பவுண்டேசன், ஸ்டிக் கொன்சீலர், கிறீம் பிளஷ், லூஸ் பவுடர், சிவப்பு லிப்ஸ்டிக் ரெண்டு, மஸ்காரா.

பெண் நல்ல மாநிறம். நெற்றியும் மூக்கும் எண்ணெய் வடியும், கன்னம் காய்ஞ்சு கிடக்கும். முகூர்த்தம் காலை 10.30. மண்டபத்தில ஏசி இல்லை, ஃபான் மட்டும்தான். ஓமப்புகையும் இருக்கு, வெளியில கச்சான் காற்றும் செம்மண் தூசியும் இருக்கு. 6 மணிக்குத் தொடங்கினா பின்னேரம் 3 மணி மட்டும் நிக்க வேணும்.

எனக்குத் தெரிய வேண்டியது: உண்மையில வீகனோ எண்டு பெட்டியைப் பார்த்து எப்பிடி உறுதிப்படுத்துறது? பவுண்டேசனுக்கு முதல் நாங்கள் வழமையாப் பூசுற சிலிக்கோன் பிறைமருக்கு மேல இது நிக்குமோ? ஸ்டிக்கும் கிறீமும் இந்த வெக்கைக்கு உருகாதோ? எத்தினை நாளுக்கு முதல் சோதிச்சுப் பார்க்க வேணும்?

வவுனியா மருந்தாளர்:

முன்பக்கத்துச் சொற்கள் இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். 'கிளீன்' என்பதற்குச் சட்ட வரையறை கிடையாது. ஒவ்வொரு கொம்பனியும் தான் விலக்கிய பொருட்களை வைத்து அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்கிறது. 'வீகன்' என்றால் மிருகப் பொருள் சேர்க்கவில்லை என்பது மட்டும்தான். மிருகங்களில் சோதிக்கவில்லை என்பதற்கு லீப்பிங் பனி என்ற பாயும் முயல் முத்திரை வேறாக உண்டு.

பிறகு பின்பக்கத்தை வாசியுங்கள். லிப்ஸ்டிக் போன்ற சின்னச் சாமான்களில் சேர்மானப் பட்டியல் பெரும்பாலும் வெளிப்பெட்டியில் மட்டுமே இருக்கும். அனுப்புகிறவர் பாரம் குறைக்கவென்று பெட்டியைக் கழற்றி எறியாமல் இருக்க இப்போதே சொல்லிவிடுங்கள். தேட வேண்டிய பெயர்கள்: கார்மைன் அல்லது சி.ஐ. 75470 (சி.ஐ. என்பது சாயங்களுக்குக் கொடுக்கும் பொது எண்), இது கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. சேரா அல்பா என்பது தேன்மெழுகு. லனோலின் ஆட்டு ரோமத்திலிருந்து வருகிறது. ஷெலாக் அரக்குப் பூச்சியிலிருந்து. குவானீன் அல்லது சி.ஐ. 75170 மீன் செதிலின் மினுக்கம். பட்டுத்தூள், கொலாஜன், கெரட்டின், முத்துத்தூள் ஆகியவையும் இந்த வகைதான். ஸ்குவாலேன், கிளிசரின், ஸ்டியறிக் அசிட் மூன்றும் மிருகத்திலிருந்தும் வரலாம், தாவரத்திலிருந்தும் வரலாம். பெயரை வைத்து முடிவெடுக்க முடியாது. அந்த இடத்தில்தான் வீகன் சொசைட்டி போன்ற வெளியார் முத்திரைக்குப் பெறுமதி.

சிவப்பு லிப்ஸ்டிக்கில் கூடுதல் கவனம் வேண்டும். பட்டியலின் கடைசியில் கூட்டல் கழித்தல் குறி போட்டுச் சில சி.ஐ. எண்கள் இருக்கும். அது அந்த வரிசையின் எல்லா நிறங்களுக்கும் பொதுவான பட்டியல். 75470 அங்கே இருந்தால் உங்கள் கையிலுள்ள நிறத்தில் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டதை விட்டுவிடுவதே நல்லது. வீகன் சிவப்பு பெரும்பாலும் சி.ஐ. 15850, 45410 போன்ற செயற்கைச் சாயத்தாலும் 77491 என்ற இரும்பு ஒக்சைட்டாலும் வருவது. 'செயற்கை' என்று கேட்டதும் வீட்டார் முகம் சுளிக்கலாம். அந்த இயற்கைச் சிவப்புக்குத்தான் பூச்சியை அரைக்கிறார்கள் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஒவ்வாமைச் சோதனையை முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். முழங்கை மடிப்பின் உட்பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தில், நாளுக்கு இருமுறை, ஒரு வாரம். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் பூசினால் எது கடித்தது என்று தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வையுங்கள். கிளீன் சாமான்களில் வாசனைக்கு எசன்சியல் ஒயில் சேர்ப்பது வழக்கம். லினலூல், லிமோனீன், ஜெரானியோல், சிட்ரால் என்ற பெயர்கள் பட்டியலில் இருந்தால் அதுவாக இருக்கலாம். தாவரத்திலிருந்து வந்தாலும் தோலுக்கு ஒவ்வாமை தரக்கூடியவை அவை. சிவந்து தடித்தால் அந்தச் சாமானை நிறுத்திவிடுங்கள், குறைத்துப் பூசிப் பார்ப்போம் என்று இறங்க வேண்டாம்.

கிளிநொச்சி பார்லர்:

பவுண்டேசன் கதைக்கு வாறன் தங்கச்சி. பட்டியலில முதல் பெயர் 'அக்குவா' எண்ட உடன தண்ணி பேஸ் எண்டு முடிவெடுக்காதேங்கோ. ரெண்டாவது, மூன்றாவது பெயர் 'கோன்' எண்டோ 'சிலொக்ஸேன்' எண்டோ முடிஞ்சா அது சிலிக்கோனுக்குள்ள தண்ணியைக் கலந்தது. சந்தேகம் எண்டா ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள ஒரு துளி விட்டுக் கலக்கிப் பாருங்கோ. பால் மாதிரி கரைஞ்சு பரவினா தண்ணி பேஸ். உருண்டு துளியாவே நிண்டா சிலிக்கோன் அல்லது எண்ணெய் பேஸ்.

உண்மையான தண்ணி பேஸ் எண்டா உங்கட வழமையான சிலிக்கோன் பிறைமரை மறந்துவிடுங்கோ. அதுக்கு மேல தண்ணி ஒட்டாது. முதல் பத்து நிமிசம் வடிவாத்தான் தெரியும். பேந்து மூக்கோரத்திலயும் நாடியிலயும் விரல் பட்ட உடன அழிறப்பர் துகள் மாதிரி திரண்டு வரும். அதைத் திருப்பித் திருத்த ஏலாது, கழுவிப்போட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். கிளிசரின் உள்ள தண்ணி ஜெல் பிறைமர் ஒண்டு எடுங்கோ, கடலை அளவு காணும்.

போடுற முறை. 6 மணிக்கு முகம் கழுவி, துவாயால ஒற்றி, ஜெல் மொய்ச்சரைசர் மெல்லிசா. கன்னத்துக்கு மட்டும் இன்னொரு தட்டு. பத்து நிமிசம் விடுங்கோ. தொட்டா விரல் வழுக்கக்கூடாது, இலேசாப் பிடிக்க வேணும். அதுக்குப் பிறகு பிறைமர், அஞ்சு நிமிசம். கன பேர் இந்தக் காத்திருப்பைத்தான் விழுங்கிப்போட்டு பவுண்டேசனைக் குறை சொல்லுறவை.

பவுண்டேசன் ஒரு தடவையிலயே தடிப்பாப் போடாதேங்கோ. கன்னத்துக்கு அரைப் பம்ப், மற்றக் கன்னத்துக்கு அரைப் பம்ப், நெற்றிக்கும் நாடிக்கும் சேர்த்து அரைப் பம்ப். ஸ்பொஞ்சை நனைச்சு நல்லா இறுக்கிப் பிழிஞ்சு, இழுக்காமல் ஒற்றி ஒற்றி. மூன்று நிமிசம் காயவிட்டு, தேவையான இடத்துக்கு மட்டும் ரெண்டாவது படை. மூக்குக்கு ஸ்பொஞ்சில மிஞ்சினது காணும். எண்ணெய் வடியிற இடத்தில தடிப்பாப் போட்டா அங்கதான் முதல் வெடிக்கும். கழுத்து, காது, தோள் மறக்காதேங்கோ, நகை போட முதல்.

நிறத்தைக் கையில பார்த்து எடுக்க வேண்டாம். தாடையில மூன்று கோடு போட்டு, விறாந்தை வெளிச்சத்தில வைச்சு, கழுத்தோட கரையிற கோட்டை எடுங்கோ. இருபது நிமிசம் கழிச்சுத் திரும்பப் பாருங்கோ. முகத்து எண்ணெயோட சேர்ந்து நிறம் ஒரு படி கறுக்கிறது உண்டு. துத்தநாக ஒக்சைட்டும் டைட்டேனியமும் கூடின சாமான் எங்கட நிறத்துக்குச் சாம்பல் அடிக்கும். செட்டில சரியான நிறம் இல்லாட்டி, கறுத்த நிறம் ஒண்டையும் மஞ்சள் கலந்த நிறம் ஒண்டையும் தட்டில கலந்து எடுக்கலாம், ஆனா ஒரே வரிசையா இருக்க வேணும். வெள்ளையாக் காட்டச் சொல்லிப் பெரியாக்கள் நிண்டாலும் விடாதேங்கோ. அந்தப் பிள்ளையின்ர நிறத்திலயே அவவை வடிவாக் காட்டலாம், கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமா நிண்டா படத்தில ஆயுளுக்கும் இருக்கும்.

கண்ணுக்குக் கீழ கருவளையத்துக்கு முதலில பீச் கலந்த செம்மஞ்சள் கொரெக்டர் ஒரு அரிசி அளவு, பேந்துதான் கொன்சீலர். கிறீம் பிளஷ் எப்பவும் பவுடருக்கு முதல். பவுடருக்கு மேல கிறீம் வைச்சா திட்டுத் திட்டாப் பிடிக்கும்.

மாங்குளம் அலங்காரம்:

பெரிய உதவி அக்கா. லூஸ் பவுடர்ப் பட்டியலில டால்க் இல்லை, சோளமாவும் சிலிக்காவும் எண்டு கிடக்கு. படம் எடுக்கேக்க வெள்ளை அடிக்குமோ? மஸ்காரா ஓமப்புகைக்கு நிக்குமோ? பெண்ணின்ர அம்மா வீட்டில செய்த மைதான் வைக்க வேணும் எண்டு நிக்கிறா.

புதுக்குடியிருப்பு நிழல்:

சிலிக்கா கூடினால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளை அடிக்கும், நேரில் ஒன்றுமே தெரியாது. ஆகவே ஒத்திகை நாளில் அறையை இருட்டாக்கி ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழ் இரண்டு வெள்ளைப் பிறை தெரிந்தால் பவுடர் கூடிவிட்டது என்று அர்த்தம். சோளமாவுக்கு வேறு குணம். ஈரத்தை உறிஞ்சி ஊதும். வேர்வை நிற்கும்போது அதற்கு மேல் தட்டினால் நெற்றிச் சுருக்கத்திலும் மூக்கு மடிப்பிலும் மாக்கோடாய்ப் படியும். முதலில் ரிசுவால் ஒற்றி ஈரத்தை எடுங்கள், தேய்க்க வேண்டாம், பிறகு பஃப்பை மடித்து அழுத்துங்கள். மண்டபத்துக்குக் கொண்டுபோகும் பையில் ரிசு, பஃப், லிப்ஸ்டிக், ஒரு துண்டு ஸ்பொஞ்ச் இருந்தால் போதும்.

உருகுவது பற்றி. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும். அதற்குப் பதிலாகப் போடும் கண்டெலில்லா மெழுகு 70 பாகையளவில், கார்னோபா 80க்கு மேல். மெழுகைப் பார்த்தால் வீகன் ஸ்டிக் உறுதியாக இருக்க வேண்டும். குழப்புவது எண்ணெய். தேங்காயெண்ணெய் 24 பாகையிலேயே உருகிவிடும். பட்டியலின் முதல் மூன்றுக்குள் கோகோஸ் நியூசிஃபெரா (தேங்காயின் தாவரப் பெயர்) இருந்தால் அந்த ஸ்டிக் எங்கள் பகலில் களியாகும், பருவரும் முகத்துக்கும் கூடாது. ஆமணக்கெண்ணெய் உள்ள லிப்ஸ்டிக்கில் வெக்கை நாளில் மேல்பக்கம் சின்னச் சின்ன எண்ணெய் முத்துகள் அரும்பி நிற்கும். பழுதில்லை, ரிசுவால் ஒற்றிவிட்டுப் போடலாம். பழைய எண்ணெய் மணம் அடித்தால் மட்டும் எறியுங்கள்.

ஏ9 வீதியில் வரும் பார்சல் வாகனத்துக்குள் மணிக்கணக்காக வெந்துதான் வரும். வந்தவுடன் திறக்காமல், நிமிர்த்தி வைத்து, ஒரு இரவு வீட்டின் குளிரான மூலையில் விடுங்கள். உருகிய ஸ்டிக் அப்படியே இறுகிவிடும். முகூர்த்தத்தன்று ஸ்டிக்குகளை அரை மணித்தியாலம் ஃபிறிஜ்ஜின் கதவுப் பக்கத்தில் வைத்து எடுத்தால் கூர்மையாகப் போடலாம். ஃபிறீசரில் வைக்கக்கூடாது, எடுத்தவுடன் மேலே தண்ணீர் பூக்கும். தண்ணி பேஸ் பவுண்டேசன் பிரிந்து, குலுக்கியும் சேராவிட்டால் பாவிக்க வேண்டாம். கெட்டியாக இருக்கிறதென்று கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் விடக்கூடாது. கிளீன் வரிசைகளில் கிருமி வளராமல் தடுக்கப் பெரும்பாலும் பொட்டாசியம் சோர்பேற்று, சோடியம் பென்சோவேற்று போன்றவைதான் இருக்கும். தண்ணீர் சேர்ந்து புளிப்புத் தன்மை குறைந்தால் அவை சரியாக வேலை செய்யாது, கிருமி வளர்ந்துவிடும். திறந்த மூடிப் படத்தில் 6 என்று போட்டிருந்தால் திறந்து ஆறு மாதம். திறந்த திகதியை அடியில் எழுதி ஒட்டுங்கள்.

கச்சான் அடிக்கும் நாளில் கிறீம் பிளஷ் ஈரமாகவே நிற்பதால் தூசி அதில்தான் ஒட்டும். காரால் இறங்கி நடக்க முதல் அதற்கு மேல் பவுடர் பிளஷ் ஒரு மெல்லிய தட்டு வைத்து மூடிவிடுங்கள்.

பாலைப்பழம்:

வீட்டு மை விசயத்தில அம்மாவோட பக்குவமாக் கதையுங்கோ. விளக்குக் கரியை நெய்யில குழைச்சிருந்தா அது வீகன் இல்லை. ஆமணக்கெண்ணெயில குழைச்சது எண்டா மிருகப் பொருள் இல்லை, ஆனா மெழுகு இல்லாததால வெக்கைக்குக் கீழ இறங்கும். கடையில விக்கிற சுர்மா வேண்டவே வேண்டாம். ஈயம் கலந்த கல்லை அரைச்சுச் செய்யிறதும் அதுக்குள்ள இருக்கு, இயற்கை எண்டு எழுதியிருந்தாலும் ஈயம் ஈயம்தான். கார்னோபா மெழுகும் சி.ஐ. 77499 கறுப்பும் உள்ள பென்சில் எடுங்கோ. அம்மாவின்ர மையைக் காதுக்குப் பின்னால திருஷ்டிப் பொட்டா வைச்சா அவவுக்கும் மனம் நிறையும்.

மஸ்காராவைப் பற்றியும் கேட்டீங்கள். ஓமப்புகைக்குக் கண் கலங்காமல் இராது. சாதாரண தண்ணி மஸ்காரா கன்னத்துக்கு வந்திடும். பட்டியலில முதல் பெயர் ஐசோடோடெக்கேன் எண்டு இருந்தா அது தண்ணிக்கு நிக்கிற வகை. கிளீன் எண்டு சொல்லுற சில கொம்பனிகள் இதையும் சிலிக்கோனையும் விலக்கி வைச்சிருக்கினம், ஆனா ரெண்டிலயும் மிருகப் பொருள் இல்லை. பெண் கேட்டது வீகன். அந்த ஒரு சாமானை வேற வீகன் வரிசையில இருந்து எடுக்கிறதில பிழை ஒண்டும் இல்லை. மேக்கப் கலையாமல் நிக்க அடிக்கிற செட்டிங் ஸ்பிறேயும் அப்பிடித்தான். ஒரு அடி தூரத்தில பிடிச்சு நாலு தரம், காய்ஞ்ச பிறகு பவுடர், திரும்ப ரெண்டு தரம்.

பிறஷையும் பாருங்கோ. ஆட்டுமயிர்ப் பிறஷால வீகன் பவுடர் போட்டா அந்தப் பிள்ளையின்ர கேள்விக்கு மறுமொழி இல்லை. டக்லோன் எண்ட செயற்கை மயிர்ப் பிறஷ் எடுங்கோ. கிறீமுக்கு அதுதான் நல்லமும்கூட, உறிஞ்சாது.

கழற்றேக்க எங்கட சவர்த்தண்ணியும் கட்டிச் சவர்க்காரமும் சேர்ந்தா முகத்தில வெள்ளைப் படையா நிக்கும், மேக்கப்பும் முழுக்கப் போகாது. சூரியகாந்தி எண்ணெய் ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு நிமிசம் தடவி, நனைச்ச துணியால துடைச்சு, பேந்து சவர்க்காரம் இல்லாத ஃபேஸ்வொஷ். கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணி (உப்பு நீக்கி வடிகட்டினது) ஒரு செம்பு எடுத்து வையுங்கோ.