பூர்வீகத் தோட்டத்துல குடும்பமே கூடுறோம், சின்னப் பசங்கள கூட்டிட்டுப் போறவங்க எதெல்லாம் பாக்கணும்?

ரெண்டு வாலு அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். தாத்தா காலத்துத் தோட்டத்துல அடுத்த மாசம் பெரியப்பா, சித்தப்பா, அத்தை வகையறான்னு மொத்த சனமும் கூடுறோம், ராத்திரி தங்கலும் அங்கதான். பெரியவளுக்கு எட்டு வயசு, சின்னவனுக்கு மூணு. ரெண்டும் அபார்ட்மென்ட்ல வளந்ததுங்க, மாட்டக்கூட போன்லதான் பாத்திருக்கு. அங்க கிணறு, டிராக்டர், மோட்டார் ரூம், மருந்தடிக்கிற சாமான் எல்லாம் அப்படியே கெடக்கும். வீட்ல சொன்னா "நாங்கல்லாம் அங்க வளரலையா"ன்னு ஒரே போடா போடுறாங்க. பெரியவ வேற, அங்க எனக்கு யாரத் தெரியும், போரடிக்கும்னு இப்பவே மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கா. போய்ட்டு வந்தவங்க சொல்லுங்களேன்.

தொப்பிக்காரன்:
முதல்ல தண்ணி, மத்ததெல்லாம் அப்புறம். மூணு வயசுக் குழந்தைக்கு கிணறே வேணும்னு இல்லைங்க, மாட்டுத் தொட்டி, பாதி ரொம்பின பக்கெட் கூட ஆபத்துதான், தலைகுப்புற விழுந்தா எந்திரிக்கத் தெரியாது, சினிமால மாதிரி கையக் கால அடிச்சிக் கத்தவும் செய்யாது, சத்தமே இல்லாம முடிஞ்சிடும். அதுலயும் கூட்டம் இருக்கும்போதுதான் கவலையே, அத்தை பாத்துக்குவாங்கன்னு அம்மா நினைப்பாங்க, அம்மா கூட இருக்கான்னு அத்தை நினைப்பாங்க. நாங்க ஒரு சிவப்புத் தொப்பி வெச்சிருந்தோம். அது யார் தலைல இருக்கோ அவங்கதான் காவல், போன் தொடக்கூடாது, எந்திரிச்சுப் போகணும்னா தொப்பிய இன்னொருத்தர் தலைல மாட்டிட்டுத்தான் போகணும். மொதல்ல எல்லாரும் சிரிச்சாங்க, மத்தியானத்துக்குள்ள மாமாங்களே "என் டர்ன் முடிஞ்சிடுச்சு, யாராச்சும் வாங்கப்பா"ன்னு தேட ஆரம்பிச்சிட்டாங்க.

வரப்பு மேல:
நான் விவசாயம் பாக்குறவன், எங்க ஆளுங்களப் பத்தி நானே சொல்றேன். பசங்க வந்தா டிராக்டர்ல ஒரு ரவுண்டுன்னு பெருசுங்க கூப்பிடுவாங்க, பாசம்தான், ஆனா கண்டிப்பா வேணாம்னு சொல்லிடுங்க. டிராக்டர்ல ஓட்டுறவருக்கு மட்டும்தான் சீட்டு, மட்கார்டுல உக்காந்த புள்ள ஒரு குலுக்கல்ல வழுக்கினா நேரா பின் சக்கரத்துக்கு அடியிலதான். பின்னாடி பி.டி.ஓ. ஷாஃப்ட் (இன்ஜின் சக்திய பின்னாடி மாட்டுற கருவிக்கு கொண்டுபோற இரும்புத் தண்டு) சுத்துதா, அது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது செகண்டுக்கு ஒன்பது, துப்பட்டா நுனி மாட்டினாக்கூட இழுக்க நேரம் கெடைக்காது. வண்டி நிக்கும்போது சாவிய எடுத்து உள்ள வெச்சிடச் சொல்லுங்க. இன்னொண்ணு, பூச்சிமருந்த பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வெக்கிற பழக்கம் நெறைய இடத்துல இருக்கு, அத எத்தன தடவ சொன்னாலும் திருத்த முடியல. போறதுக்கு முந்தின நாளே அங்க இருக்கிறவங்களுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் ஒரே ரூம்ல போட்டு பூட்டச் சொல்லுங்க. மீறி குடிச்சிட்டா வாந்தி எடுக்க வெக்காதீங்க, மருந்து டப்பாவோட ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

பெரிய குடும்பத்து மருமக:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா இத மட்டுமே மனசுல வெச்சிக்கிட்டு போனா ரெண்டு நாளும் தொடாத, போகாத, இறங்காதன்னே போய்டும், பாவம் பசங்க. மண்ணுல விளையாடட்டும், கன்னுக்குட்டிய தடவட்டும், சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவினா சரி (ஆட்டுப் புழுக்கை மாட்டுச் சாணிலருந்து கிருமி வரும், அஞ்சு வயசுக்கு கீழ இருக்கிறதுங்கள அதிகமா படுத்தும்), பால காய்ச்சாம குடுக்காதீங்க. பெரியவளுக்கு ஒரு நோட்டு குடுத்து வந்திருக்கிறவங்க ஒவ்வொருத்தரும் யாருக்கு யாரு, சின்ன வயசுல இங்க என்ன சேட்ட பண்ணீங்கன்னு கேட்டு எழுத சொல்லுங்க. எங்க பொண்ணு அப்படி போனவதான், அவங்க அப்பா மரத்துலருந்து விழுந்த கதைய ஆளுக்கு ஒரு மாதிரி சொல்ல, யார் சொல்றது நெசம்னு விசாரணையே நடத்திட்டா. அப்புறம் தயவுசெஞ்சு நடுவுல நிறுத்தி வெச்சு "ஒரு பாட்டு பாடு, தாத்தாவுக்கு முத்தம் குடு"ன்னு மட்டும் பண்ணாதீங்க, பழகினா தானா வந்து ஒட்டிக்கும்.

ரெண்டு வாலு அம்மா:
தொப்பி ஐடியா சூப்பர், குடும்ப குரூப்ல இப்பவே போட்டுட்டேன், ஒரு சித்தப்பா மட்டும் வழக்கம்போல கிண்டல் 😅 ராத்திரி பாம்பு, நாய் பயம் இருக்கே, அதுக்கு என்ன பண்ணலாம்?

வரப்பு மேல:
ராத்திரி டார்ச், மூடின செருப்பு இல்லாம வாசல் தாண்டக்கூடாது, வைக்கப்போர், வெறகு அடுக்குப் பக்கம் கையே விடக்கூடாது. கடிச்சிட்டா கட்டு இறுக்குறது, கீறுறது, உறியறது எதுவும் வேணாம், புள்ளைய நடக்க விடாம, கடிச்ச கைகால ஆட்டாம தூக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி. நாய் கடிச்சாலோ பல்லு லேசா கீறினாலோ சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசி, நம்ம வீட்டு நாய்தானேன்னு விட்டுடாதீங்க. பக்கத்துல எந்த ஆஸ்பத்திரில பாம்புக்கடி மருந்து இருக்குன்னு கெளம்புறதுக்கு முன்னாடியே விசாரிச்சு அந்த சித்தப்பா போன்லயும் நம்பர ஏத்தி விடுங்க, கிண்டல் பண்றவர்தான் எப்படியும் வண்டி ஓட்டுவாரு.