ஆர்க்டிக் கடலில் இனுயிட் பழங்குடி மக்கள் மீன் தொழிலை வளர்க்கலாமா?

வெண்பனி: வடதுருவ நடுக்கடலில் வணிக மீன்பிடியே வேண்டாம், 16 வருடம் பொறுப்போம் என்று 2018இல் ஒப்பந்தம் போட்டார்கள், 2021இல் அமலுக்கு வந்தது. இனுயிட்டுகள் வாழும் கனடாவின் பாஃபின் தீவுக்கு மட்டும் வேறு நியாயமா? பனி உருகுகிற நேரத்தில் அங்கே மீன் தொழிலை வளர்ப்பது தப்பு.

கடலோடி: அந்த ஒப்பந்தம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலுக்குத்தான். கரையில் வாழ்கிறவர்களை அது தொடவில்லை. பாஃபின் தீவின் பாங்னர்டங் ஊரைப் பாருங்கள், சுமார் 1,500 பேர். 1980களிலிருந்து பக்கத்து கம்பர்லேண்ட் வளைகுடாவில் டர்பாட் என்ற தட்டை மீனைப் பிடிக்கிறார்கள். உறைந்த கடலில் துளை போட்டு, ஆயிரங்கால் தூண்டிலின் (ஒரே நீளக் கயிற்றில் நிறையக் கொக்கிகள்) முனையில் ஒரு தகரத்தைக் கட்டி இறக்குவார்கள். நீரோட்டம் தகரத்தைத் தள்ளிக்கொண்டு போகப் போக, கயிறு பனிக்கு அடியில் நீளமாக விரியும். பிறகு ராட்டினத்தில் சுற்றி இழுத்து, பனிவண்டியில் ஊர் ஆலைக்கு. இழுவலை மாதிரி கடலடியை வாருகிற வேலையே இல்லை. கோட்டா, அதாவது ஒரு வருடத்தில் பிடிக்க ஒதுக்கிய அளவு, 500 டன். பல வருடங்கள் அதைக்கூட எட்டவில்லை.

தேன்மொழி: சுறாவை மறந்துவிட்டீர்களே. அதே தூண்டிலில் கிரீன்லாந்து சுறாவும் மாட்டுகிறது. அது பருவமடையவே 150 வருடம் போல ஆகும் என்று 2016இல் கணக்கிட்டார்கள். அப்படிப்பட்ட உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தாலும் ஈடுகட்ட முடியாது.

கடலோடி: உண்மைதான். சுறா மாட்டினால் கயிறே முறுக்கிப் பாழாகிறது, நஷ்டம் மீனவருக்கும்தான். அதனால் எத்தனை மாட்டுகிறது என்று அவர்களே எழுதிவைக்கிற முறை வேண்டும். அதற்குச் சம்பளமும் தர வேண்டும்.

வெண்பனி: 1996இல் புயலடித்துப் பனி உடைந்தபோது தூண்டில் சாமான் பெரும்பாலும் போயிற்று. இப்போது பனி இன்னும் மெலிகிறது. பேசாமல் ஒதுக்கீட்டைப் பெரிய கப்பல்களுக்குக் குத்தகைக்கு விட்டுப் பணம் வாங்கலாமே?

கடலோடி: இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆழ்கடலில் கப்பல்கள் பிடிப்பது பெரும்பாலும் நியூஃபவுண்ட்லாந்திலோ கிரீன்லாந்திலோதான் இறங்குகிறது. குத்தகைப் பணம் வரும்; ஊர் ஆலைக்கு ஒரு மீன்கூட வராது, இளைஞர்களுக்கு வேலையும் வராது. தங்கள் கரையோர டர்பாட்டிலேயே பங்கு குறைகிறது என்று நுனாவுட் (பாஃபின் தீவு இருக்கும் கனடாவின் வட பிரதேசம்) இனுயிட் அமைப்பு கனடாவின் மத்திய மீன்வள அமைச்சர் மீது வழக்குப் போட்டு, 1997இல் ஜெயித்தது. இவ்வளவு போராடி வாங்கிய உரிமையைக் குத்தகைச் சீட்டாக்கச் சொல்கிறீர்கள். பனியை மட்டும் நம்பவும் வேண்டாம்: 2013இல் பாங்னர்டங்கில் சிறு படகுத் துறைமுகம் வந்துவிட்டது. கோடையிலும் படகில் போகட்டும்.

தேன்மொழி: கோடைப் படகு சரி, வலை கூடாது. வலையில் திமிங்கலம் சிக்கிக்கொள்ளும்; அந்த வளைகுடாவின் வெள்ளைத் திமிங்கலக் கூட்டம் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறது. தூண்டில் மட்டும் என்று எழுதிக் கொடுத்தால் நான் உங்கள் பக்கம்.

கடலோடி: வலைக்கு நானும் எதிரிதான். அந்த நிபந்தனையை பாங்னர்டங் வேட்டைக்காரர் சங்கமே விதிக்கட்டும். தெற்கே இருக்கும் கனடா அரசிடமிருந்து வரும் உத்தரவாக அது வேண்டாம்.