டௌப்போவுக்குக் குடிபோகலாமா? சூப்பர் எரிமலை வீடியோ பார்த்துப் பயந்தவர்களுக்கு

கேள்வி: வணக்கம். ஆக்லாந்துக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. கணவருக்கு டௌப்போ ஏரி பக்கம் புவிவெப்ப மின்நிலையம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் பரவாயில்லை, வாடகையும் ஆக்லாந்து அளவுக்குக் கழுத்தைப் பிடிக்காது. ஆனால் ஈரோட்டிலிருந்து அம்மா ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். ஏரிக்கு அடியில் சூப்பர் எரிமலை, 700 நிலநடுக்கம், எந்த நேரமும் வெடிக்கலாம் என்று பின்னணி இசையோடு மிரட்டுகிறார்கள். நியூசிலாந்தின் நிலநடுக்கக் கண்காணிப்புத் தளமான ஜியோநெட்டில் பார்த்தால் அந்தப் பகுதியில் நிஜமாகவே நடுக்கங்கள் காட்டுகிறது. கைக்குழந்தை இருக்கிறது. போகலாமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சி, தாராளமாகப் போங்கள். நான் ரொட்டோருவாவில் இருக்கிறேன், டௌப்போ இருக்கும் அதே எரிமலைப் பட்டை. ஆனால் அந்த எரிமலைக்காகப் பயப்படுகிற நேரத்தில் பாதியைச் சாதாரண நிலநடுக்கத்துக்குத் தயாராவதில் செலவிடுங்கள். அது கட்டாயம் வரும்.

முதலில் அந்த வீடியோ. 700 என்ற எண்ணைப் பார்த்ததுமே அது பழைய செய்தி என்று தெரிந்துவிட்டது. 2022 மே மாதத்திலிருந்து ஏரியின் நடுப்பகுதிக்குக் கீழே சின்னச் சின்ன நடுக்கங்கள் தொடர்ந்து வந்தன, செப்டம்பருக்குள் ஏறத்தாழ 700 ஆகிவிட்டன. ஏரிக்குள் ஹோரோமதாங்கி பாறைத்திட்டுப் பக்கம் நிலம் ஆண்டுக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மேலெழுவதாகவும் அளந்தார்கள். அதனால் செப்டம்பர் 20 அன்று எரிமலை எச்சரிக்கை நிலையை 0-இலிருந்து 1-ஆக உயர்த்தினார்கள். டௌப்போவுக்கு அப்படி உயர்த்தியது அதுவே முதல் முறை. 'முதல் முறை' என்ற ஒரு வார்த்தை போதாதா? உலகம் முழுக்கத் தலைப்பு போட்டுவிட்டார்கள். 2023 மே மாதம் அதை மறுபடி 0-க்கு இறக்கியதை எத்தனை பேர் போட்டார்கள் என்று தேடிப் பாருங்கள். வெடிக்கவில்லை என்பதற்கு யார் தம்ப்நெயில் செய்வார்கள்?

1 என்றால் 'சிறு சலனம்' என்றுதான் பொருள். 0 முதல் 2 வரை வெடிப்பே இல்லாத நிலைகள், 3 முதல் 5 வரைதான் வெடிப்பு நடந்துகொண்டிருக்கும் நிலைகள். எங்கள் பக்கத்து ருவாபேஹு மலை பெரும்பாலான காலம் 1-இலேயே உட்கார்ந்திருக்கிறது, அதன் சரிவில் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். ஆனால் ஒன்று: இந்த எண் இப்போதைய நிலையைச் சொல்கிறதே தவிர நாளைக்கு ஜோசியம் சொல்வதில்லை. 2019 டிசம்பர் 9 அன்று வகாரி தீவு வெடித்தபோது நிலை 2 தான். அன்று தீவில் 47 பேர் இருந்தார்கள், 22 பேர் இறந்தார்கள். வகாரி சூப்பர் எரிமலை எல்லாம் கிடையாது. ஆளைக் கொல்ல ஒரு எரிமலைக்குச் சூப்பர் பட்டம் தேவையில்லை. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மலையேற்றத்துக்குக் கிளம்பும் முன் அந்த மலையின் நிலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எண்ணைப் பார்க்க வேண்டிய இடம் அது.

சரி, டௌப்போ பெரிய எரிமலை என்பது பொய்யா? இல்லை. ஏறத்தாழ 25,500 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒருவானுயி வெடிப்பு 1,000 கன கிலோமீட்டருக்கு மேல் பொருளைக் கக்கியது. நீங்கள் படகில் போகப்போகிற ஏரியின் பெரும்பகுதி அப்படி உள்வாங்கிய பள்ளம்தான். கடைசிப் பெரிய வெடிப்பு கி.பி. 232 வாக்கில். அதனால் செத்துப்போன எரிமலை என்று யாரும் சொல்வதில்லை, அடியில் சூடு இருக்கிறது. அந்தச் சூட்டில்தான் இந்த நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வருகிறது, உங்கள் கணவர் சம்பளமும் அதிலிருந்துதான் வரப்போகிறது.

ஆனால் நடுக்கம் கூடினால் வெடிப்பு என்ற கணக்குதான் தப்பு. 2022-க்கு முந்தைய 150 ஆண்டுகளில் டௌப்போ இப்படி 17 முறை சலனப்பட்டிருக்கிறது. ஒன்றுகூட வெடிப்பில் முடியவில்லை. 1922-இல் நடந்தது 2022-ஐ விட எவ்வளவோ மோசம். மாதக்கணக்கில் நிலம் ஆடியது, வடகரையில் சில இடங்களில் 3 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அன்று யூடியூப் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

இந்த மாதிரித் தொடர் நடுக்கத்தை இங்கே 'ஸ்வார்ம்' என்பார்கள். வழக்கமாகப் பெரிய நடுக்கம் ஒன்று வரும், பிறகு அதன் பின்னதிர்வுகள் குறைந்துகொண்டே போகும். ஸ்வார்மில் அப்படித் தலைவர் யாரும் இல்லை, ஏறக்குறைய ஒரே அளவில் ஐம்பது நூறு வந்து அடங்கும். பாறை விரிசல்களுக்குள் வெந்நீரும் வாயுவும் புகுந்து தள்ளினாலும் வரும், ஆழத்தில் பாறைக்குழம்பு கொஞ்சம் நகர்ந்தாலும் வரும். அதோடு இந்தப் பகுதியே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் கிழக்கு மேற்காக இழுபட்டுக்கொண்டிருக்கிறது, அதனால் இங்குள்ள பிளவுகள் தம் பாட்டுக்கு நழுவும். மூன்றும் வரைபடத்தில் ஒரே மாதிரிப் புள்ளிகளாகத்தான் தெரியும். அதனால் புள்ளிகளை மட்டும் பார்த்து நீங்களோ நானோ ஒன்றும் சொல்ல முடியாது. நிலம் உயர்கிறதா, வாயு மாறுகிறதா, நடுக்கம் மேலே ஏறி வருகிறதா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஏரியின் நீர்மட்டத்தையே ரசமட்டமாக வைத்து, கரையைச் சுற்றிப் பல இடங்களில் நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று 1979 முதல் அளந்து வருகிறார்கள். ஒரு பக்கம் நிலம் ஏறினால் அங்கே தண்ணீர் இறங்கினது போலத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

ஜியோநெட் செயலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது நாடு முழுக்க ஆண்டுக்கு 20,000 நடுக்கங்கள் அளவில் பதிவு செய்கிறது. பெரும்பாலானவற்றை யாரும் உணர்வதே இல்லை. எல்லா அறிவிப்பையும் திறந்து வைத்தால் தூக்கம் போய்விடும், 'மிதமான' அதிர்வுக்கு மேல் மட்டும் வரும்படி வையுங்கள். முதலில் 4.9 என்று காட்டியது பத்து நிமிடத்தில் 4.5 ஆகும், சில சமயம் ஒரு நடுக்கம் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். உடனே 'மறைக்கிறார்கள்' என்று குரூப்பில் ஒருவர் ஆரம்பிப்பார். முதலில் வருவது கணினியின் அவசரக் கணக்கு, ஆள் பார்த்துத் திருத்தினால் எண் மாறும், அவ்வளவுதான். நடுக்கமானிக் கோடுகள் கறுப்பாகத் தடித்திருக்கும் படத்தை யாராவது அனுப்பினாலும் இதே கதை. பலத்த காற்று அடித்தாலும், டோங்காவில் பெரிய நடுக்கம் வந்தாலும் நம் பக்கக் கோடு தடிக்கும்.

எண்களில் இன்னொன்று. அளவு ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். அதாவது 2 அளவு நடுக்கம் ஆயிரம் வந்தால்தான் ஒரே ஒரு 4-க்குச் சமம். 'ஆயிரம் நடுக்கம்' என்ற தலைப்பு கேட்கத்தான் பயங்கரமாக இருக்கும். அதே கணக்கு மறுபக்கமும் வெட்டும்: சின்னதாக வந்து வந்து அழுத்தம் தீர்ந்துவிட்டது, இனிப் பெரிசு வராது என்று ஆறுதல் சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் அங்குள்ள யெல்லோஸ்டோன் பூங்கா எரிமலை பற்றி அனுப்புவதும் இதே ரகம். அங்கே ஆண்டுக்கு 1,500 முதல் 2,500 நடுக்கங்கள் சர்வசாதாரணம். 2014-இல் காட்டெருமைகள் சாலையில் ஓடுகிற வீடியோவைப் போட்டு 'விலங்குகள் தப்பி ஓடுகின்றன' என்று கிளப்பிவிட்டார்கள். அவை பூங்காவுக்கு உள்நோக்கி ஓடிக்கொண்டிருந்தன என்று பூங்காக்காரர்களே சொல்ல வேண்டியதாயிற்று.

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். 2022 நவம்பர் 30, இரவு பன்னிரண்டு அடிக்கப் போகிற நேரம், அதே ஸ்வார்மின் நடுவில் 5.6 ஒன்று வந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் வடிய வைத்திருந்த தட்டில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்து மணி அடித்த மாதிரி ஒலித்தன, அலமாரியில் ஹாங்கர்கள் ஆடின. டௌப்போவில் ஏரி நீர் கரையேறியது, வாரேவாக்கா முனையில் கரையே கொஞ்சம் சரிந்து உள்ளே போயிற்று. எரிமலை வெடிக்கவில்லை, ஆனால் அலமாரி மேலிருந்து சாமான் விழ இந்த அளவு போதும். உங்கள் வீட்டில் என்ன விழும் என்று யோசியுங்கள். நம்மவர் வீடுகளில் எனக்குப் பயம் பூஜை அலமாரிதான். கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படங்கள், கனமான குத்துவிளக்கு, எல்லாம் தலைக்கு மேலே, அதுவும் சில வீட்டில் கட்டிலுக்கு நேர் மேலே. கீழே இறக்குங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். எரிகிற விளக்கை விட்டு வெளியே போகாதீர்கள். குழந்தையின் தொட்டில் பக்கத்தில் உயரமான அலமாரி வேண்டாம்.

வாடகை வீட்டில் சுவரில் துளை போட விடமாட்டார்கள் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2021 பிப்ரவரியில் சட்டம் மாறிவிட்டது. நிலநடுக்கத்துக்காக அலமாரியைச் சுவரோடு பிணைப்பது 'சிறு மாற்றம்', எழுத்தில் கேட்டால் வீட்டுக்காரர் 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், இதற்கு மறுக்க முடியாது. காலி செய்யும்போது துளையை அடைத்துக் கொடுக்க வேண்டும். மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

அப்புறம், ஆடத் தொடங்கினால் வெளியே ஓடாதீர்கள். நமக்கு அது ரத்தத்தில் ஊறியது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்வோம். இங்கே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டம், அவ்வளவு சுலபத்தில் இடியாது. குனிந்து, மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2011 பிப்ரவரி 22 கிறைஸ்ட்சர்ச்சில் இறந்த 185 பேரில் பலர் தெருவில், பழைய செங்கல் முகப்புகள் மேலே விழுந்து இறந்தவர்கள்.

வெலிங்டனிலிருந்து ஒருவர்: அண்ணை சொல்வது சரி. ஓம், இங்கேயும் எரிமலை பற்றித்தான் புதிதாக வந்தவர்கள் கதைக்கிறார்கள், தண்ணீர் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் நகரசபை ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லீட்டர் வீதம் ஏழு நாளுக்குச் சேர்த்து வைக்கச் சொல்கிறது. 200 லீட்டர் தொட்டியும் விற்கிறார்கள். கடற்கரைப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் றோட்டில் போட்டிருக்கிற நீலக் கோடுகளைக் கவனியுங்கோ, சுனாமி வந்தால் அவற்றுக்கு மேலே ஏறவேண்டும். பிள்ளைகளை தே பாப்பா மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் நிலநடுக்க வீட்டுக்குள் நின்று ஆட்டம் எப்படி என்று பார்க்கலாம். தமிழ் எழுத்துப் பொறித்த பழைய வெண்கல மணி, எங்களுடைய 'தமிழ் மணி'யும் அந்த மியூசியத்தில்தான் இருக்கிறது. அந்தக் கட்டடமே நடுக்கத்தைத் தாங்கும் ரப்பர் காலில் நிற்கிறது.

பதில்: நன்றி தம்பி. சுனாமி பற்றி ஒரு வரி சேர்க்கிறேன், ஏனென்றால் 2004-ஐப் பார்த்தவர்களுக்கு இது மாறி மனதில் பதிந்திருக்கிறது. அன்று நாகப்பட்டினத்துக்கும் முல்லைத்தீவுக்கும் நடுக்கம் நடந்த இடம் கடலுக்கு அப்பால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அலை வர மணிக்கணக்கானது. இங்கே கரைக்குப் பக்கத்திலேயே பிளவு இருக்கிறது, சில நிமிடத்தில் வந்துவிடலாம். சைரன், போன் எச்சரிக்கை எதற்கும் காத்திருக்கக் கூடாது. நிற்க முடியாத அளவுக்கு ஆடினாலோ, ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடினாலோ, ஆட்டம் நின்றதும் நடந்தே மேட்டுக்கு ஏறுங்கள். டௌப்போவிலும் ஏரிக்கரையில் இருந்தால் இதேதான்.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி அண்ணா. வீடு முதலில் வாடகைக்குத்தான். இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா? அம்மாவிடம் என்ன சொல்வது?

பதில்: அம்மாவுக்கு அந்த வீடியோவின் தேதியைக் காட்டுங்கள். நீங்கள் அங்கே போனபின் ஏரிக்கரையில் குழந்தையோடு ஒரு வீடியோ கால் போடுங்கள். வாதாடி ஜெயிக்க முடியாது.

இன்சூரன்ஸ் கட்டாயம் எடுங்கள், குடிபோகிற வாரமே எடுங்கள். பெரிய நடுக்கம் வந்தால் அந்தப் பகுதியில் சில காலம் புதுப் பாலிசி தருவதை நிறுத்திவைப்பது கம்பெனிகளின் வழக்கம். வீட்டுக்காரருடைய பாலிசி சுவருக்கும் கூரைக்கும்தான், உங்கள் சாமானுக்கு இல்லை. முன்பு இ.க்யூ.சி. என்று இருந்த அரசு அமைப்பு, இப்போது இயற்கை இடர் ஆணையம், வீட்டுக்கு 3 லட்சம் டாலர் வரை தருகிறது (ஜிஎஸ்டி தனி), எரிமலைச் சேதமும் அதில் அடக்கம். ஆனால் 2019 ஜூலையிலிருந்து வீட்டுச் சாமானுக்கு அது கிடையாது. பின்னால் சொந்த வீடு வாங்கினால் நகரசபையிலிருந்து லிம் அறிக்கை (அந்த மனையைப் பற்றி அவர்களிடம் இருக்கும் தகவல் தொகுப்பு) வாங்கி, அந்த மனை சரிவிலா, நீர் கோத்த மண்ணிலா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சாமான் பாலிசி எடுக்கும்போது நகையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பொதுவாக நகைக்கு ஒரு உச்சவரம்பு வைத்திருப்பார்கள், நம் வீட்டுத் தாலிக்கொடி ஒன்றே அதைத் தாண்டிவிடும். ஊரில் வாங்கிய பில் இருந்தால் படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். இல்லையென்றால் இங்கே ஒரு நகைக்கடையில் மதிப்புச் சான்று வாங்கிக்கொள்ளலாம்.