மறுமொழி: அமுக்குவானுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழு உறவுகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நான் தொடங்கிய இழையில் 11 மடல்கள் வந்திருக்கின்றன. எனக்கு நைட் டூட்டி வாரம், உடனுக்குடன் எழுத முடியவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. விழிப்பு வந்துவிடும். அறை தெரியும், மின்விசிறி ஓடுவது கேட்கும். ஆனால் கை கால் அசையாது, வாய் திறக்காது, நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ தானாக விட்டுவிடும். நம் ஊர்ப்பக்கம் அமுக்குவான், அமுக்குப் பேய் என்பார்கள். நோயாளிகள் கையில் கொடுக்கும் தாளில் அச்சிட இதற்கு ஒரு சொல் வேண்டும் என்றுதான் கேட்டிருந்தேன்.

> 'தூக்க வாதம்' என்று சிலர் எழுதுகிறார்களே, அதுவே போதாதா? இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதுச்சொல்?

ஐயா, என் மறுப்பு முழுவதும் அந்த 'வாதம்' மீதுதான். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் எங்களிடம் வந்திருந்தார்கள். அதற்குமுன் எங்கோ 'தூக்க வாதம்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த அம்மா காதில் விழுந்தது வாதம் மட்டும். வீட்டில் கணவர் பக்கவாதம் வந்து நான்கு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். "எம்புள்ளைக்கும் ஒரு பக்கம் இழுத்துக்குமா சிஸ்டர்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கவாதம், இளம்பிள்ளைவாதம், முடக்குவாதம் என்று நாம் அறிந்த வாதங்கள் எல்லாம் வந்து தங்கிவிடுபவை. நிமிடத்தில் போகிற ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்து ஒரு தாயை அழவிட எனக்கு மனமில்லை.

ஆங்கிலத்திலும் 'ஸ்லீப் பராலிசிஸ்' என்று வாதம் என்ற பொருளில்தானே பெயர் இருக்கிறது என்பீர்கள். அது 1928இல் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் வைத்த பெயர். அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல் 1876இலேயே 'இரவு வாதம்' என்று வருணித்திருந்தார். அவர்கள் கண்ட வழியில் வைத்தார்கள். நாம் அந்த வாதத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமென்ற கட்டாயம் எதுவும் இல்லை.

> உறக்க முடக்கம்? உறக்கச் செயலிழப்பு?

'முடக்கம்' ஒலிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2020க்குப் பிறகு அந்தச் சொல் ஊரடங்கோடு ஒட்டிக்கொண்டது. தவிர, முடங்குதல் என்றால் சுருண்டு கிடத்தல். இது வருபவர்கள் பெரும்பாலும் மல்லாந்து நீட்டிப் படுத்திருப்பவர்கள். 'செயலிழப்பு' இன்னும் பொருந்தாது. சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு என்று உறுப்பு கெட்டுப்போவதற்கு அதை வைத்துவிட்டோம். இங்கே எதுவும் கெடவில்லை. உடம்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது, விழிப்புதான் முந்திக்கொண்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். சொல் எது என்பது இதைப் பொறுத்துத்தான் அமையும்.

மூடிய இமைக்குள் விழி வேகமாக அசையும் ஓர் உறக்கநிலை உண்டு என்று 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் காட்டினார்கள். தெளிவான கனவுகள் அதிகம் வருவது அப்போதுதான். அந்த நேரத்தில் தசைகள் அடியோடு தளர்ந்துவிடுகின்றன என்று 1959இல் பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ழூவே பூனைகளில் கண்டார். மூளைத்தண்டிலிருந்து ஒரு கட்டளை இறங்கி, தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை கிளைசின், காபா என்ற வேதிப்பொருள்களால் வாயடைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து நிஜமாகவே எழுந்து ஓடுவோம். விழித்தசைகளுக்கும் உதரவிதானத்துக்கும் மட்டும் விலக்கு உண்டு. அதனால்தான் கண்ணை உருட்ட முடிகிறது, மூச்சும் நிற்பதில்லை. ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் தளர்ந்து கிடக்கும். பயத்தில் ஆழமாக மூச்சிழுக்கப் பார்ப்போம், நெஞ்சு விரியாது. அமுக்குவான் ஏறி உட்காரும் இடம் அதுதான்.

அப்படியென்றால் இங்கே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, நம் எல்லோருக்கும் தினமும் இரவில் நடக்கும் அந்தத் தளர்ச்சி. இன்னொன்று, அந்தத் தளர்ச்சி நீங்குமுன் விழித்துக்கொண்டு அதற்குள் அகப்படுவது. இதுவரை வந்த எல்லாப் பரிந்துரைகளும் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன. முதலாவதற்கு 'உறக்கத் தளர்வு' என்று வைக்கலாம், இதை யாரும் மறுக்கவில்லை. இரண்டாவதற்குத்தான் நான் 'துயிற்கட்டு' என்று முன்வைத்தேன்.

'கட்டு' நான் யோசித்துக் கண்டுபிடித்த சொல் இல்லை. பயிற்சிக் காலத்தில் முதல் நைட் டூட்டி முடித்து, காலை ஒன்பது மணிக்கு விடுதியில் படுத்தேன். எத்தனை நேரம் போயிருக்கும் என்று தெரியவில்லை, கண் திறந்துவிட்டது. அறைத்தோழியின் துணிகள் கொடியில் தொங்குவது தெரிந்தது. கதவோரம் யாரோ நிற்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றியது. கத்தினேன், சத்தம் வரவில்லை. அன்று மாலை ஊருக்கு போன் செய்து அப்பத்தாவிடம் சொன்னபோது, "அமுக்குவான் கட்டிப்போட்டுட்டானா? அவுந்துருச்சுல்ல, தண்ணியக் குடி" என்றது. தலைமாட்டில் ஒரு இரும்புத்துண்டு வைத்துக்கொள்ளவும் சொன்னது. பேயை அது நம்பியது, நான் நம்பவில்லை. ஆனால் எனக்கு நடந்ததற்கு அதன் வாயிலிருந்து வந்த வினைதான் சரியான வினை. இன்றுவரை என்னிடம் இதைச் சொன்ன ஒவ்வொருவரும் "கட்டிப்போட்ட மாதிரி" என்றே சொல்கிறார்கள்.

ஜப்பானியர் இதைக் 'கனாஷிபாரி' என்கிறார்கள், உலோகத்தால் கட்டுண்டது என்று பொருள். சீனத்தில் பேய் உடம்பை அமுக்குவதாகப் பேச்சு. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து உட்காருகிறாள். 1664இல் டச்சு மருத்துவர் வான் டீமர்புரூக் எழுதிவைத்த ஐம்பது வயதுப் பெண், தன்மேல் பிசாசு படுத்திருப்பதாகவும், சில இரவுகளில் பெரிய நாயோ திருடனோ நெஞ்சில் கிடப்பதாகவும் சொன்னாள். ஆள் ஊருக்கு ஊர் மாறுகிறான். கட்டும் அமுக்கலும் எங்கும் ஒன்றுதான்.

> அக்கா, 'கட்டு' என்றாலே கிராமத்தில் மந்திரக்கட்டு, செய்வினைக் கட்டு. பேய் நம்பிக்கையை நாமே வளர்த்ததாகிவிடாதா?

தம்பி, இந்தக் கேள்வியை இரண்டு இரவு யோசித்தேன். மலக்கட்டு, நீர்க்கட்டு, சளிக்கட்டு என்று நம் வைத்தியத்தில் கட்டு நெடுநாளாகப் புழங்குகிறது. மலக்கட்டுக்கு யாரும் மந்திரவாதியிடம் போவதில்லை. முன்னால் நிற்கும் சொல்தான் கட்டின் தன்மையைச் சொல்கிறது. உறக்கம் என்று முன்னால் நின்றால் கட்டியது உறக்கம் என்று ஆகிவிடும், பேய்க்கு அங்கே இடமில்லை. இன்னொரு வசதியும் உண்டு: கட்டு விழும், அவிழும். "இது தானா அவுந்துரும்மா" என்று நோயாளியிடம் சொல்ல முடிகிறது. வாதம் அவிழும் என்று சொல்ல முடியுமா?

> தங்கச்சி, 'கட்டு' நல்ல சொல். ஆனா 'துயில்' எண்டு வரேக்க எங்கட ஆக்களுக்கு முதல்ல நினைவு வாறது துயிலுமில்லம்தான். நித்திரையில வாற ஒரு சின்னக் கோளாறுக்கு அந்தச் சொல்லை வைக்க மனம் ஒப்பேல்லை.

அண்ணா, போரில் மாண்டவர்களைப் புதைத்த இடத்தின் பெயர் அது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சொல் சிறியதாக, இனியதாக இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். உங்கள் மடலைப் படித்தபின் 'துயிற்கட்டு' என்று எழுத என்னால் முடியவில்லை. அதை இத்தோடு விலக்கிக்கொள்கிறேன்.

இன்னொருவர் சொன்ன 'துஞ்சு' வேரும் அதே காரணத்தால் ஆகாது. சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று மன்னர்கள் இறந்த இடத்தையே அது குறித்திருக்கிறது. சாவு பயத்தோடு எழுந்து வருபவரிடம் அந்தச் சொல் வேண்டாம். 'தூக்கக்கட்டு' பேச்சுக்கு நெருக்கம்தான், ஆனால் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், தூக்குக்கயிறு நினைவுக்கு வருகிறது. மனநலப் பிரிவிலும் இந்தத் தாளைக் கொடுக்கப்போகிறோம், அதனால் அதையும் தவிர்க்கிறேன்.

எனவே என் இப்போதைய பரிந்துரை 'உறக்கக்கட்டு'. ககரங்கள் நெருக்குகின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடலுக்கு இரு கரையிலும் புரிகிறது. உறக்கநடை, உறக்கத் தளர்வு, உறக்க மூச்சுத்தடை என்று ஒரே வரிசையில் நிற்கவும் செய்கிறது. அமுக்குவானை விரட்ட வேண்டாம். வாசகர் தேடி வரும்போது முதலில் தட்டும் சொல் அதுதான், விளக்கத்தின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

காரணங்களையும் தாளில் சேர்க்கச் சொல்லி ஓர் அம்மா கேட்டிருந்தார். சேர்க்கிறேன் அம்மா. வழக்கமாக, படுத்து ஒன்றரை மணிநேரம் அளவில்தான் முதல் விழியசைவு உறக்கம் வரும். தூக்கம் கெட்டவர்களுக்கும் ஷிப்ட் மாறுபவர்களுக்கும் அது படுத்தவுடனேயே வரக்கூடும், கட்டு விழுவதும் அப்போது எளிது. காலை ஒன்பது மணிக்குப் படுத்த எனக்கு ஏன் வந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. மன அழுத்தமும் மல்லாந்து படுப்பதும் சேர்ந்துகொள்ளும். 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பொதுமக்களில் 7.6 விழுக்காட்டினருக்கும் மாணவர்களில் 28.3 விழுக்காட்டினருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருக்கிறது. தேர்வுக்காக விழித்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த எண்ணைப் பார்க்கவேண்டும்.

பதிவுக்கான வரையறை இது. திருத்துங்கள்:

உறக்கக்கட்டு: (பேச்சு வழக்கு: அமுக்குவான்) உறங்கத் தொடங்கும்போதோ விழிக்கும்போதோ, உறக்கத் தளர்வு நீங்காத நிலையில் நினைவு தெளிந்து, உடலை அசைக்கவோ பேசவோ முடியாமல் சிறிது நேரம் கிடப்பது. நெஞ்சழுத்தமும், அருகில் யாரோ இருப்பதான உணர்வும் உடன்வரலாம். தானாக அவிழும்.

எப்போதாவது வந்தால் மருந்து வேண்டியதில்லை. பகலில் அடக்க முடியாத தூக்கமும், வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்கித் துவள்வதும் சேர்ந்து வந்தால் மட்டும் கட்டாயம் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, கடைசி வரியை எழுதப் போனேன். அந்தத் துவளலுக்கும் நம்மிடம் பெயரில்லை. 'கேட்டாப்ளெக்சி' என்று அப்படியே அச்சிட எனக்கு விருப்பமில்லை. 'சிரிப்புத்துவளல்' என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் கோபத்திலும் திடுக்கிடலிலும்கூட அது வரும் என்பதால் பொருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது, அதற்குமுன் உங்கள் சொற்களை அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு செவிலி